அம்மாவோடு கதைக்க மறுக்கும் பிள்ளை: விசுவமடுவில் இருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

விசுவமடுப் பக்கத்தில் இருந்து ஒரு சின்னம்மா கேட்டிருந்தார். சுருக்கமாக இதுதான் விஷயம். அவருடைய அக்கா நான்கு வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். அக்காவின் கணவர் அதற்கு முன்பே வேறு குடும்பம் என்று போய்விட்டார். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு, சின்னம்மாவின் வீட்டில் வளர்கிறாள். மகன் ஆறாம் வகுப்பு, பக்கத்து வளவில் அம்மம்மாவோடு இருக்கிறான். கொஞ்ச மாதங்களாக மகள் தாயோடு போனில் கதைக்க மறுக்கிறாள். எதற்கெடுத்தாலும் சீறி விழுகிறாள். இரவில் போனும் கையுமாக முழித்திருந்துவிட்டு வகுப்பில் தூங்குகிறாள். "தாய் அங்கே மாடாய் உழைக்கிறாள், இவளுக்கு ஒரு நன்றி இருக்கா" என்று அம்மம்மா சொன்னபோது சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போயிருக்கிறாள். இது வயசுக் கோளாறா, வருத்தமா? அக்காவை வேலையை விட்டு வரச் சொல்வதா? இல்லாவிட்டால் பிள்ளையை ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்ப்பதா? இவைதான் கேள்விகள்.

நீங்கள் கேட்டதே பெரிய விஷயம். பல வீடுகளில் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகுதான், அல்லது யாரோடோ போய்விட்ட பிறகுதான் எங்களைத் தேடி வருவார்கள். உங்கள் பெறாமகள் இன்னும் வீட்டில் இருக்கிறாள், இன்னும் கோபப்படுகிறாள். வன்னியில் இப்படியான பிள்ளைகளோடு வேலை செய்கிற எனக்கு, தாயோடு சண்டை பிடிக்கிற பிள்ளையைவிட, கேட்கிற எல்லாவற்றுக்கும் "ஓம் அம்மா, சுகமாய் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிற பிள்ளையைப் பற்றித்தான் கூடப் பயம். கோபம் இருக்கிற இடத்தில் எதிர்பார்ப்பும் இருக்கிறது.

என்ன எதிர்பார்ப்பு என்று பார்ப்போம். அக்கா போகும்போது பிள்ளைக்கு 11 வயது. அன்றைக்கு அவளுக்கு என்ன சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். பெரும்பாலும் எல்லா வீட்டிலும் சொல்வது, "ரெண்டு வருசத்தில அம்மா வந்திடுவா" என்பதுதான். வீட்டு வேலை ஒப்பந்தங்கள் வழக்கமாக இரண்டு வருடத்துக்கு. பெரியவர்களுக்கு ஒப்பந்தம் நீடிப்பது காசுக் கணக்கு. கடன் முடியவில்லை, வீட்டுக்கு நிலம் போடவில்லை, இன்னும் இரண்டு வருடம் இருந்தால் சமாளிக்கலாம். பிள்ளைக்கோ அது தாய் கொடுத்த வாக்கு. 13 வயதில் அந்த நாள் வந்தது, தாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளை இருத்தி வைத்து யாராவது சொன்னார்களா? அவளுக்கு வந்தது ஒரு புதுப் போன் மட்டும் என்றால், அவள் அதை எப்படி விளங்கிக்கொண்டிருப்பாள் என்று யோசியுங்கள்.

இன்னொன்று. வீட்டுப் பணிக்குப் போகும் தாய்மாருக்கு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை வந்தது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போக முடியாது, மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று காட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2022இல் அது தளர்த்தப்பட்டது. உங்கள் அக்கா அதற்கு முன் போனவர் என்றால், பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார் என்று கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் உங்கள் பெயரோ அம்மம்மாவின் பெயரோ பதிந்திருக்கும். அலைந்து திரிந்து அத்தனை கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் "நீ யாரோடு இருக்க விரும்புகிறாய், தம்பியும் நீயும் ஒரே வீட்டில் இருக்கவேண்டுமா" என்று அந்த 11 வயதுப் பிள்ளையிடம் கேட்கச் சொல்லி எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. நான் கண்ட பிள்ளைகளில் பலருக்கு இதுதான் ஆறாமல் கிடக்கிறது. தாய் போனதைவிட, தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பது.

அதனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அம்மாவின் இடத்தை நீங்கள் நிரப்ப வேண்டியதில்லை. அம்மாவைப் பற்றி என்னவும் கதைக்கலாம் என்ற வீடாக உங்கள் வீடு இருந்தால் போதும். "எனக்கு அம்மாவில விருப்பம்" என்றும் சொல்லலாம், "எனக்கு அம்மாவில கோபம்" என்றும் சொல்லலாம், இரண்டையும் ஒரே நாளில் சொல்லலாம். எது சொன்னாலும் ஒருவரும் அழவோ, ஏசவோ, குவைத்துக்குப் போன் அடித்துச் சொல்லவோ மாட்டார்கள் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

வன்னியில் இது இலேசான காரியம் இல்லை. ஏன் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அம்மம்மாவின் மேல் மட்டும் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும். 2009க்குள்ளால் வந்த சனம் நாங்கள். அம்மம்மாவின் வயதில் உள்ள ஒவ்வொருவரும் முள்ளிவாய்க்காலில் யாரையாவது விட்டுவிட்டு வந்தவர்கள். அழ நேரம் இல்லாமல் செட்டிகுளம் முகாமுக்குப் போனவர்கள், பிறகு காடு வெட்டி, கிணறு இறைத்து, தறப்பாளுக்குக் கீழே திரும்ப வாழத் தொடங்கினவர்கள். வாய் திறந்தால் எல்லாம் வந்துவிடும் என்ற பயத்தில் வாயை மூடிப் பழகினவர்கள். அவர்களிடம் ஒரு பிள்ளை "எனக்கு அம்மா வேணும்" என்று சொன்னால், "உயிரோட இருக்கிற தாய்க்கு ஏன் அழுகிறாய்" என்றுதான் முதலில் வரும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் பிள்ளை அதோடு சரி, இனி அழக்கூடாது என்று எடுத்துக்கொள்கிறது.

உங்கள் அக்காவின் வயதுக்காரிகளையும் நினைத்துப் பாருங்கள். போர்க்காலத்தில் சண்டைக்கு ஆள்பிடிப்பதற்குப் பயந்து எத்தனை பேரை 16, 17 வயதில் அவசரம் அவசரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அப்படிக் கட்டியவற்றில் எத்தனை பிறகு உடைந்தன. குமர்ப்பிள்ளையாக இருக்க வேண்டிய காலத்தைப் பதுங்குகுழியிலும் முகாமிலும் கழித்த ஒரு பெண், இப்போது தன் மகளின் அதே பருவத்தைக் குவைத்தில் இருந்து போன் திரையில் பார்க்கிறாள். அங்கேயும் ஒரு துக்கம் இருக்கிறது.

பொலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களைப் பார்த்து ஒரு விஷயம் எழுதினார். ஆள் செத்துவிட்டார் என்றால் துக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு. ஆள் இல்லை, ஆனால் போகவும் இல்லை என்றால் மனம் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டே இருக்கும் என்றார். எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் உட்கார்ந்த தாய்மாரைக் கண்டிருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் தாயின் பிரிவை அதோடு சமமாக வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. என்றாலும் பிள்ளையின் மனதில் நடப்பதில் ஒரு சாயல் இருக்கிறது. அம்மா இருக்கிறா, போனில் முகம் தெரிகிறது, ஆனால் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்க இல்லை. இருக்கிறவருக்காக அழுவதா, இல்லாதவருக்காக அழுவதா என்று தெரியாத நிலையில், வளரிளம் பருவத்துப் பிள்ளை கோபத்தைத்தான் எடுக்கும். கோபம் சுலபம்.

இந்தப் பருவத்தில் வேறும் நடந்திருக்கும். அவள் பெரியபிள்ளையானது தாய் போன பிறகு என்றால், சாமத்திய வீட்டை அக்கா இமோ வீடியோ அழைப்பில் பார்த்திருப்பார். இப்படி நடந்த ஒரு வீட்டில் படக்கொப்பியை எனக்குக் காட்டினார்கள். ஆராத்தி எடுக்கிற படம், மாமி தண்ணி வார்க்கிற படம், எல்லாவற்றிலும் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு படத்தில் மட்டும் ஒரு அக்கா போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறா, பிள்ளை கமராவைப் பார்க்காமல் அந்தப் போனைப் பார்க்கிறாள். "இந்தப் படத்தைப் பெரிசாக்க வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள்" என்றார் பெரியம்மா. ஏன் என்று அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் இருந்தால், அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவது நல்லது. "அண்டைக்கு அம்மா பக்கத்தில இல்லாதது எனக்கே ஒரு மாதிரி இருந்தது, உனக்கு எப்பிடி இருந்தது?" என்று ஆறுதலாகக் கேளுங்கள். பதில் வராது. பரவாயில்லை, கேட்டது உள்ளே போயிருக்கும்.

இரவு முழிப்பைப் பற்றி. போனை வாங்கிப் பூட்டி வைக்க முதல், அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். குவைத் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. வீட்டு வேலை செய்கிறவர் எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்து, கோப்பை கழுவி, அறைக்குப் போக இரவு 11 மணி என்றால் இங்கே 1.30. தாயின் குரல் கேட்கவேண்டும் என்றால் 1.30 வரை முழித்திருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை 11 வயதில் பழகியிருக்கக் கூடும். இந்த வயதில் உடம்பே தூக்கத்தைப் பிந்தித்தான் கேட்கும், ஆனால் தேவைப்படுவது 8 முதல் 10 மணித்தியாலம். காலையில் ஆறரைக்கு வெளிக்கிட வேண்டிய பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்? இப்போது தாயோடு கதைப்பது நின்றுவிட்டது, முழிப்பு மட்டும் மிச்சமாக இருக்கிறது. அந்த நேரத்தில் கதைக்க வேறு யாராவது கிடைத்திருக்கலாம். பெடியனா, முகம் தெரியாத ஆளா என்று பயப்படுவீர்கள், நியாயம்தான். ஆனால் "யாரோட கதைக்கிறாய், காட்டு" என்று பறித்தால் அடுத்த தடவை நீங்கள் காணாத மாதிரிச் செய்வாள். "இரவில தனிய இருக்கிற நேரம்தான் கஷ்டம், என்ன?" என்று கேட்டால் கொஞ்சமாவது கதவு திறக்கும்.

அக்காவோடு பேசி அழைப்பு நேரத்தை மாற்றுங்கள். குவைத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுப் பணியாளருக்குக் கிழமைக்கு ஒருநாள் ஓய்வு உண்டு. நடைமுறையில் பலருக்குக் கிடைப்பதில்லை. நேரடியாகக் கதைக்க நேரம் பொருந்தவில்லை என்றால் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். இதை நான் பல வீடுகளுக்குச் சொல்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. காரணம், பிள்ளை தான் விரும்பின நேரம் கேட்கலாம், கோபம் வந்தால் பாதியில் நிற்பாட்டலாம், பிறகு யாரும் இல்லாத நேரம் திரும்பக் கேட்கலாம். அந்தப் பதிவில் "படிக்கிறியா, சின்னம்மா சொல்லுறதைக் கேக்கிறியா" என்று ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு அங்கே என்ன சமைத்தார், அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை என்ன செய்தது, மகளின் வயதில் தான் எப்படி இருந்தார், இப்படி இரண்டு நிமிடம் போதும். பதில் வராவிட்டாலும் கிழமைக்கு மூன்று நாள் விடாமல் அனுப்ப வேண்டும்.

அதோடு ஒரு வேண்டுகோள், இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளையின் பிழைகளைத் தாய்க்கு முறைப்பாடு செய்வதை நிற்பாட்டுங்கள், அம்மம்மாவையும் நிற்பாட்டச் சொல்லுங்கள். பிள்ளை போனை எடுக்க முதல் அம்மம்மா எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். தாய் கடல் கடந்து நின்று வேறு வழி தெரியாமல் ஏசத் தொடங்குவார். பிள்ளைக்குத் தாயின் குரலே ஏசுகிற குரலாக மாறிவிடும். உங்கள் பெறாமகள் போனை எடுக்காததற்கு இதுவே பாதிக் காரணமாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. வீட்டில் நடப்பதை வீட்டிலேயே நீங்கள் தீருங்கள். தாய்க்குத் தெரிய வேண்டிய பெரிய விஷயம் என்றால், தாயிடம் சொல்லப் போகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

நன்றி என்ற சொல்லையும் கொஞ்சக் காலம் வீட்டில் ஒதுக்கி வையுங்கள். தாய் தனக்காகக் கஷ்டப்படுகிறாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் பிரச்சினையே. தனக்காகத்தான் அம்மா போனா என்றால், அம்மா இல்லாததற்கும் தானே காரணம் என்று 15 வயது மனம் கணக்குப் போடும். ஆகவே உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். எவ்வளவு கடன் இருந்தது, யாரிடம், இப்போது எவ்வளவு மிச்சம் என்று கொப்பியில் எழுதிக் காட்டினாலும் நல்லது. நுண்கடன் வன்னிப் பெண்களை எப்படி நெருக்கியது என்று நாட்டுக்கே தெரியும், 2018இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது அந்த ஒரே வருடத்தில் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். தன் தாய் அந்தப் பெரிய கூட்டத்தில் ஒருத்தி, தன்னை வேண்டாம் என்று போனவள் இல்லை என்று பிள்ளை கண்ணால் காணட்டும்.

சரி, வருத்தமா இல்லையா என்ற கேள்வி. பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் முகம் வாடும், அழுவார்கள். இந்த வயதில் அது எரிச்சலாகவும் சீற்றமாகவும் வெளிப்படலாம். அல்லது உடம்பில் வரும். தலையிடி, வயிற்று நோ, நெஞ்சடைப்பு, காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுவது. அப்படி விழுகிற பிள்ளைக்கு நூல் கட்டுவார்கள், பார்வை பார்ப்பார்கள். கட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வற்றாப்பளை அம்மனிடமும் கூட்டிக்கொண்டு போங்கள், பொங்கலுக்குச் சனத்தோடு சனமாக நடந்து வருவதே பல பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் பேய் என்று சொல்லி அடிக்க விடாதீர்கள், வைத்தியசாலைக்குப் போவதைப் பிந்தவும் விடாதீர்கள்.

இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் குழம்பியிருக்கிறது, முன்பு விருப்பமாகச் செய்த எதிலும் நாட்டம் இல்லை, கூட்டாளிகளையும் விட்டுவிட்டாள், கையில் வெட்டுக் காயம் தெரிகிறது, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரிக் கதை வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்படத் தேவையில்லை. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, பாரம்தான் குறையும். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, யாருடைய கடிதமும் இல்லாமல் வெளிநோயாளர் பிரிவில் போய்க் கேட்கலாம். இரவு நேரம் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

விவசாய வீடு என்றால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பூச்சிமருந்து, களைகொல்லி எதுவும் வீட்டுக்குள்ளோ கொட்டிலிலோ திறந்து கிடக்கக் கூடாது. பூட்டிச் சாவியை ஒரு பெரிய ஆள் வைத்திருக்க வேண்டும். அம்மம்மாவின் பிரஷர் குளிசைகளும் அப்படியே. 1995இல் தற்கொலை வீதத்தில் இலங்கை உலகத்திலேயே மேல் வரிசையில் நின்றது. பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியதற்கு மிகப் பெரிய காரணம், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததுதான். பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு நிமிடக் கோபத்தில் செய்துவிடுகிறார்கள். அந்த நிமிடத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் பிழைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றைத் தயங்காமல் கேட்க வேண்டும். பிள்ளை குறிப்பிட்ட ஒரு காலத்தில் திடீரென்று மாறினாளா? யாராவது ஒரு ஆள் வந்தால் ஒதுங்குகிறாளா? ஒரு வீட்டுக்கு, ஒரு ரியூசனுக்குப் போக மறுக்கிறாளா? தாய் இல்லாத பிள்ளை என்று தெரிந்து கிட்ட வருகிறவர்கள் உண்டு, சொந்தத்துக்குள்ளும் உண்டு. அப்படி ஏதும் சொன்னால் முதலில் நம்புங்கள். "நீ ஏன் அங்க போனனீ" என்று கேட்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள். குடும்ப மானம் என்று மூடி வைத்தால் பிள்ளை இரண்டாம் தடவை வாய் திறக்காது.

அக்கா திரும்பி வர வேண்டுமா? மேலே சொன்ன ஆபத்தான அறிகுறிகள் இருந்தால், என் அபிப்பிராயம், வர வேண்டும், கடன் இருந்தாலும். அப்படி இல்லை என்றால் அவசரமாக வேலையை உடைத்துக்கொண்டு வருவதை நான் சொல்லமாட்டேன். "உன்னாலதான் அம்மா வேலையை விட்டவ" என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள், அது இன்னொரு சுமை. இந்த ஒப்பந்தம் முடிகிற மாதத்தைத் தாயே மகளிடம் சொல்லட்டும். அந்த நாள் மாறும் போலத் தெரிந்தால், மாறிய பிறகு இல்லாமல் முன்கூட்டியே சொல்லட்டும். வந்து இறங்கும்போது பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடிக்காது என்பதையும் அக்காவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு அந்நிய ஆளைப் பார்ப்பது போல நிற்கும், சில நாள் உங்களோடுதான் ஒட்டிக்கொண்டு திரியும், அக்கா ஏதும் சொன்னால் "சின்னம்மா அப்பிடிச் செய்யிறேல்ல" என்று சொல்லும். அக்காவுக்கு நெஞ்சு வெடிக்கும். பொறுத்துக்கொண்டு, முதல் மாதம் கண்டிப்பு எல்லாவற்றையும் உங்கள் கையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

இல்லத்தில் சேர்ப்பதை நான் விரும்பவில்லை. அங்கே நல்ல அம்மாமார் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைக்கும் படிப்புக்கும் என்றுதான் விடப்பட்டிருக்கிறார்கள். உறவுக்குள் வளர்க்க வழி இருக்கும்வரை இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2009இல் ஐக்கிய நாடுகள் சபையும் வழிகாட்டுதல் எழுதியது. உங்கள் பெறாமகளுக்கு முதலில் தகப்பன் போனார், பிறகு தாய் போனார். இப்போது நீங்களும் அனுப்பினால், எல்லோரும் தன்னை விட்டுவிடுகிறார்கள் என்பது அவளுக்கு நிரூபணமாகிவிடும். உங்களுக்குக் களைப்பு என்றால் அதை வெட்கப்படாமல் சொல்லி உதவி கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் இருப்பார். வகுப்பாசிரியரிடம் மட்டும் தனியாகப் போய், "தாய் இல்லாத பிள்ளை" என்று வகுப்பில் வைத்துச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் பிந்தாமல் போய் முன் வரிசையில் இருங்கள்.

கடைசியாகத் தம்பி. உங்கள் கேள்வியில் அவனைப் பற்றி ஒரே ஒரு வரி, "அவன் பிரச்சினை இல்லை, அமைதியான பிள்ளை" என்று. தாய் போகும்போது அவனுக்கு ஏழு வயது. ஏழு வயதில் தாயைப் பிரிந்த ஒரு ஆண்பிள்ளை நான்கு வருடமாக ஒரு முறைப்பாடும் இல்லாமல் இருக்கிறான் என்றால், அவனையும் போய்ப் பார்க்க வேண்டும். இன்னும் நான்கு வருடத்தில் மணல் டிப்பர்க்காரரோ, குளக்கட்டில் கூடிக் குடிக்கிறவர்களோ அவனுக்கு ஆளாகிவிடுவார்கள். முடிந்தால் இந்தத் தவணை விடுமுறையில் அவனை உங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து பெறாமகளும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்க விடுங்கள். அம்மம்மாவுக்குத் தனிமையாக இருக்கும், அவரையும் கூட்டி வாருங்கள். பிள்ளைகள் இருவரும் தாயின் குரல் பதிவைச் சேர்ந்து கேட்கிறார்களா, தனித்தனியாகக் கேட்கிறார்களா என்று கவனித்து, ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.